அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது? நாலு இடம் இருக்கிறது, நாலிலும் ஏதோ ஒரு குறை

#1 மூன்றாம்_மாடி

எல்லோருக்கும் வணக்கம். 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கியாகிவிட்டது, பெட்டி பிரிக்காமல் ஹாலில் நிற்கிறது. இண்டோர் எங்கே என்பதில் குழப்பமில்லை, படுக்கையறையில் ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருக்கிறது. அவுட்டோருக்குத்தான் இடம் முடிவாகவில்லை. மாட்ட வருபவரிடம் போனில் கேட்டால் "நீங்க எங்க சொல்றீங்களோ அங்க வெச்சிடலாம் சார்" என்கிறார்.

ஐந்து மாடிக் கட்டடம், நாங்கள் மூன்றாம் மாடி. என் கண்ணுக்குப் பட்ட இடங்கள்:

படுக்கையறையை ஒட்டிய பால்கனித் தரை. பால்கனியின் ஆழம் 120 செ.மீ. முன்பக்கம் கம்பி கிடையாது, ஒரு மீட்டர் உயரத்துக்கு முழுச் சுவர்.

குளியலறைக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட், அதாவது குழாய்கள் இறங்குகிற குறுகிய சந்து. கீழ்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே அதில் மூன்று அவுட்டோர் வைத்திருக்கிறார்கள். வெயிலே விழாது.

மேற்குச் சுவர், ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே. பைப் தூரம் இரண்டு மீட்டர்கூட வராது. ஆனால் மதியத்திலிருந்து நல்ல வெயில்.

மொட்டை மாடி. திறந்தவெளி, ஆனால் பைப் 13 மீட்டராவது ஓடும்.

எனக்கு ஷாஃப்ட்தான் சரி என்று படுகிறது. வெளியே தெரியாது, நிழலாகவும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_வந்தவன்

ஐந்தாவது இடம் ஒன்று இருக்கிறது: அந்தப் பெட்டிக்குள்ளேயே. கரண்ட் பில்லும் மிச்சம்.

#3 செம்புக்குழாய்

சார், இந்த வேலையிலயே இருக்கிறவன் சொல்றேன், ஷாஃப்ட்டை முதல்ல அடிச்சிருங்க. கீழ மூணு அவுட்டோர் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது மூணும் துப்புற சூடு எங்க போகும்? மேலதான் வரும், உங்க யூனிட்டோட முதுகுக்கு. ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்லயும் ஒண்ணா ஓடும்போது உங்க மிஷினுக்குக் கிடைக்கிறது வெளிக்காத்தே இல்ல, கீழ்வீட்டுப் படுக்கையறைச் சூடு.

அப்புறம் என்ன நடக்கும்னா, "ரூம் கூலே ஆகல"ன்னு ஆளைக் கூப்பிடுவீங்க. வர்றவன் அவசரத்துல "கேஸ் கம்மி சார்"னு சொல்லி கேஸ் ஏத்திட்டுப் போவான். கேஸ் சரியா இருந்த மிஷின்ல மேல மேல ஏத்தினா பிரஷர் இன்னும் எகிறும். இப்படிப் போன கம்ப்ரஸர் நிறைய பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, ஷாஃப்ட்ல சர்வீஸ் எப்படிப் பண்றது? குளியலறை வென்டிலேட்டர் வழியா ஒரு கைதான் போகும். காயிலை, அதாவது சூட்டை வெளியே விடுற குழாய்-தகடு அடுக்கை, கழுவ முடியாது. பைப்பை யூனிட்டோட இணைக்கிற ஃபிளேர் நட்ல கசிவுன்னா ஸ்பேனர் திருப்ப இடம் கிடையாது. ஆளைக் கயித்துல இறக்கணும். நான் இறங்க மாட்டேன், என் பசங்களையும் இறக்க மாட்டேன்.

#4 வெப்பக்கணக்கு

செம்புக்குழாய் அண்ணே சொன்னதற்குக் கொஞ்சம் எண் சேர்க்கிறேன். நான் பாடம் நடத்துகிறவள், கணக்குப் போடாமல் இருக்க வராது.

1.5 டன் என்றால் மணிக்கு 18,000 பிடியு, அதாவது சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது. அதோடு கம்ப்ரஸர் தின்கிற மின்சாரம் முழுவேகத்தில் ஏறக்குறைய 1.5 கிலோவாட். அதுவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே போகவேண்டும். ஆக அவுட்டோர் வெளியே தள்ளுவது 6.8 கிலோவாட். ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்து நிறுத்தாமல் சூடேற்றினால் எவ்வளவோ அவ்வளவு.

இந்த அளவு யூனிட்டின் விசிறி மணிக்குச் சுமார் 2,200 கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருகிற காற்று 9 அல்லது 10 டிகிரி சூடாக இருக்கும். வெளியே 38 டிகிரி என்றால் விசிறி முன்னால் 48. அந்தக் காற்று திரும்பி வராமல் போய்த் தொலைந்தால் பிரச்சினை இல்லை. அதில் 30% சுற்றிக்கொண்டு மறுபடி முதுகுப்பக்கம் நுழைகிறது என்று வையுங்கள்: காயிலுக்குப் போகும் காற்று 4 டிகிரி ஏறிவிடும். பாதி திரும்பினால் 10 டிகிரி ஏறும். வெளியே 38, யூனிட்டுக்கு மட்டும் 48. காயிலுக்கு வரும் காற்று ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மின்செலவு தோராயமாக 2 முதல் 3 சதவீதம் கூடும், குளிர்ச்சித் திறனும் கொஞ்சம் குறையும்.

இன்வர்ட்டர் இதைச் சட்டென்று காட்டிக்கொடுக்காது. பழைய யூனிட் என்றால் சூடு தாங்காமல் ட்ரிப் ஆகி நிற்கும், நமக்கும் ஏதோ கோளாறு என்று தெரியும். இன்வர்ட்டர் நிற்காமல் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். ரிமோட்டில் 24 இருக்கும், அறையில் 28 இருக்கும்.

#5 நிழல்விரும்பி

மரியாதையோடு மறுக்கிறேன். வெயிலில் நிற்கிற இரும்புப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தப் பெட்டிக்குள்தான் நீங்கள் சொல்லும் காயில் இருக்கிறது. ஷாஃப்ட்டில் நெரிசல் என்றால் வேண்டாம், சரி. ஆனால் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி நிழல் உண்டா என்பதாகத்தான் இருக்கவேண்டும். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் "நேரடி வெயில் படாத இடம்" என்றுதான் எழுதியிருக்கிறது.

#6 வெப்பக்கணக்கு

கையேட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே பக்கத்தில் பின்னால் இவ்வளவு இடைவெளி, முன்னால் இவ்வளவு இடைவெளி என்று படமும் போட்டிருப்பார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு விழுவது அதிகபட்சம் 1,000 வாட். அவுட்டோரின் வெயில்படும் பரப்பு அரை சதுர மீட்டர்கூடத் தேறாது. வெள்ளை பெயின்ட் அடித்த பெட்டி, விழுவதில் ஒரு பங்கைத் திருப்பியும் அனுப்பிவிடும். மிஞ்சிப்போனால் 300, 350 வாட் உள்ளே போகும். அதே யூனிட் தானாகவே 6,800 வாட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது! விசிறி ஓடும்போது அந்த 350 வாட்டால் காற்று ஏறுவது அரை டிகிரி. 1996ல் புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தில் இதையே அளந்தார்கள். அவுட்டோருக்கு நிழல் கொடுத்ததால் கிடைத்த மிச்சம் 3 சதவீதத்துக்கும் குறைவு.

நிழலும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் காற்று. நிழலுக்காக மேலே தகரம் போட்டு, பக்கத்தில் தட்டி வைத்து, கடைசியில் யூனிட்டைக் கூண்டுக்குள் அடைப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

#7 நிழல்விரும்பி

அரை டிகிரிக் கணக்கு பெட்டிக்கு மட்டும்தான். மேற்குச் சுவரை மறந்துவிட்டீர்கள். மூன்று மணி வெயில் பட்ட சுவர் ராத்திரி எட்டு மணிவரை கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே இருக்கிற 15 செ.மீ. இடுக்கிலிருந்துதானே அது காற்றை இழுக்கிறது? பால்கனித் தரை, மொட்டை மாடித் தளம் எல்லாம் இதே கதைதான்.

#8 வெப்பக்கணக்கு

நல்ல கேள்வி, இதை ஒப்புக்கொள்கிறேன். சுட்ட பரப்பை ஒட்டியிருக்கும் காற்று சுற்றுக்காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகவே இருக்கும், குறிப்பாக மொட்டை மாடியில் தளத்தை ஒட்டி. அதனால்தான் மாடியில் யூனிட்டைத் தரையோடு தரையாக வைக்காமல் அரை மீட்டர் ஸ்டாண்ட் போட்டுத் தூக்கச் சொல்வது. அடியில் காற்று ஓட வேண்டும், மழைத்தண்ணீர் தேங்கினாலும் எட்டக் கூடாது. சுவர் விஷயத்தில், பின்னால் 15ஐ 25 ஆக்கினாலே பாதிக் கவலை போய்விடும்.

வெயிலால் அடிபடுகிற வேறொன்றும் இருக்கிறது: பைப்பைச் சுற்றியிருக்கும் கறுப்பு நுரை உறை. நேரடி வெயிலில் அது சில வருடங்களில் பொடியாக உதிர்ந்துவிடும். வெயில் தாங்கும் டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் பிவிசி உறைக்குள் பைப்பை ஓட்டுங்கள்.

#9 கட்டுமானம்

மேற்குச் சுவர் என்றதும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது "சன்ஷேடுக்கு மேலே" என்ற வார்த்தை.

சன்ஷேட் என்பது மழையையும் வெயிலையும் தடுக்க நீட்டிய மெல்லிய பலகை. நிறைய இடங்களில் மூன்று அங்குல கனம்தான் இருக்கும். கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டிய இடத்தில், கான்கிரீட் போடும்போது மிதிபட்டு அடியில் போயிருக்கவும் வாய்ப்புண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. யூனிட் 35 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சிலசமயம் தாங்கிவிடும். கழுவ வரும் ஆள் 70 கிலோ, கையில் பம்பும் தண்ணீரும், அவர் நிற்பது விளிம்பில். அதுதான் ஆபத்து.

சுவரில் பிராக்கெட் அடிப்பதென்றால் சுவர் எதனால் கட்டியது என்று முதலில் பாருங்கள். கான்கிரீட் பீம், தூண் என்றால் ஆங்கர் போல்ட் கெட்டியாகப் பிடிக்கும். கெட்டியான செங்கல்லும் பரவாயில்லை. ஹாலோ பிளாக், லேசான ஏஏசி பிளாக் சுவர்களில் சாதாரண ஆங்கர் போட்டால் விசிறி அதிர்வில் துளை மெல்ல மெல்லப் பெரிதாகும். அங்கே சுவரைத் துளைத்து உள்பக்கம் பிளேட் வைத்து போல்ட் முடுக்க வேண்டும். பிராக்கெட் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். யூனிட்டுக்குப் பத்து வருடம் ஆயுள் என்றால் பிராக்கெட்டுக்கும் பத்து வருடம் வேண்டும். கீழே ஆட்கள் நடக்கிற வழி.

#10 செம்புக்குழாய்

கட்டுமானம் சார் சொன்னதை அப்படியே ஃபிரேம் போட்டு மாட்டலாம். நான் பார்க்கிற முதல் விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: ரெண்டு காலும் கெட்டியான தரையில இருக்கும்போது என் கை யூனிட்டோட வால்வுப் பக்கம் எட்டுதா? எட்டலைன்னா அந்த இடம் வேணாம். மாட்டுறது ஒரு நாள் வேலை, சர்வீஸ் வருஷா வருஷம்.

எட்டாத இடத்துல மாட்டின ஏசிக்கு சர்வீஸ்காரன் இண்டோர் ஃபில்டரை மட்டும் கழுவிட்டு "எல்லாம் முடிச்சாச்சு"ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவான். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது, உயிர் முக்கியம். அவுட்டோர் காயில்ல பஞ்சும் தூசியும் கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். ஷாஃப்ட்ல தள்ளினாலும் சரி, திறந்தவெளியில வெச்சாலும் சரி, காயில் அடைச்சா டீச்சர் அம்மா சொன்ன கணக்கெல்லாம் ஒண்ணுதான்.

#11 மூன்றாம்_மாடி

அடேயப்பா! ஷாஃப்ட்டும் சன்ஷேடும் போயாச்சு. மேற்கு ஜன்னலில் கிரில் இருக்கிறது, அண்ணன் சொன்ன பரீட்சையில் அது தேறாது.

மொட்டை மாடி எப்படி? எல்லோரும் திறந்தவெளி என்கிறீர்களே. 13 மீட்டர் பைப் ஓடினால் ஏசி பாதிக்கப்படுமா? இரண்டு மாடி மேலே இருக்கிறது.

#12 செம்புக்குழாய்

ஓடும், கூடாதுன்னு இல்ல. கையேட்டுல அதிகபட்ச நீளம், அதிகபட்ச உயர வித்தியாசம் ரெண்டும் தனித்தனியா போட்டிருக்கும். இந்த சைஸ்ல பெரும்பாலும் நீளம் 20 மீட்டருக்கு மேலயும் உயரம் 10 மீட்டருக்கு மேலயும் விடுவாங்க. உங்களுக்கு உயரம் ஏழு மீட்டர் வரும்னு நினைக்கிறேன். ஆனா நாலு விஷயம் பார்த்துக்கங்க.

கம்பெனியிலேருந்து வர்ற கேஸ் பெரும்பாலும் 5 இல்லாட்டி 7.5 மீட்டர் பைப்புக்குத்தான். அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டருக்கும் மாடலைப் பொறுத்து 12லேருந்து 20 கிராம் சேர்க்கணும். தராசுல வெச்சு எடை போட்டு ஏத்தணும். கேஜைப் பார்த்து குத்துமதிப்பா ஏத்துறவன் வேணாம்.

நடுவுல ஜாயின்ட் கூடாது. போட்டே ஆகணும்னா பிரேஸிங், அதாவது நெருப்புல உருக்கி ஒட்டுறது. நைட்ரஜன் விட்டுக்கிட்டே பத்த வைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பைப்புக்குள்ள கரி படியும்.

கம்ப்ரஸர் ஆயில் கேஸோட சேர்ந்து கீழ வந்துட்டு மறுபடி ஏழு மீட்டர் ஏறி மேல போகணும். ஆயில் டிராப் (ஆயில் தங்கி மேல ஏற பைப்புல போடுற வளைவு) வேணுமா, எத்தனை மீட்டருக்கு ஒண்ணுன்னு அந்த மாடல் கையேடு சொல்றபடி போடுங்க. சில இன்வர்ட்டர்ல தேவையே இல்லம்பாங்க. சொந்த மூளைக்கு வளைக்க வேணாம்.

நாலாவது, வேக்கம் பம்ப். நீளப் பைப்புல காத்தும் ஈரமும் நிறைய இருக்கும். கேஸை விட்டே காத்தைத் தள்ளுற பழைய பழக்கம் இங்க வேலைக்காகாது.

பைப் நீளமானா கூலிங் கொஞ்சம் குறையும், பெருசா தெரியாது. மழைக்காலத்துல ராத்திரி ட்ரிப் ஆச்சுன்னா மாடிக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் இப்பவே கேட்டு வெச்சுக்கங்க.

#13 உப்புக்காற்று

மாடி என்று முடிவெடுக்கும் முன் கடல் பக்கத்தில் இருக்கிறதா என்று சொல்லவில்லையே. நான் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறேன். உப்புக்காற்றில் அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு விரல் பட்டாலே உதிரும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.

இங்கே மாடியில் கடலை நோக்கி வைத்தவர்களுக்கும், கட்டடத்தின் மறுபக்கம் காற்று மறைவில் வைத்தவர்களுக்கும் யூனிட் ஆயுளில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. பூச்சு கொடுத்த காயில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அவ்வப்போது நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவினால் இன்னும் கொஞ்சம். கழிவுநீர்க் குழாயின் வாய், சமையலறைப் புகை வெளியேறும் துளை இவற்றின் அருகிலும் இதே அரிப்பும் பிசுக்கும் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம்: மாடியில் பலத்த காற்று விசிறிக்கு எதிரே அடிக்கிற மாதிரி வைக்காதீர்கள். காற்று வருகிற திசைக்குக் குறுக்காக நிற்கட்டும்.

#14 மூன்றாம்_மாடி

கடல் வெகுதூரம், அந்தக் கவலை இல்லை. ஆனால் மாடிச் சாவி என்றதும் யோசனையாகிவிட்டது. அது சங்கச் செயலாளரிடம், அவர் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை.

#15 மேல்வீட்டுக்காரி

எல்லோரும் மாட்டுகிறவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் மேல்வீட்டிலிருந்து பேசுகிறேன். எங்கள் கீழ்வீட்டில் பால்கனி வெளிச்சுவரில், என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே அவுட்டோரை மாட்டியிருக்கிறார்கள். இரவு ஜன்னலைத் திறந்தால் அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரி சூடு. மூடினால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், அது ஜன்னல் வழியாக வருவதில்லை, சுவர் வழியாக வருகிறது. தலையணையில் காது வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். சொன்னால் "கம்பெனி அளவு 50 டெசிபெல்தான்" என்று பெட்டியைக் காட்டுகிறார்கள்.

#16 சும்மா_வந்தவன்

ஏசி வாங்க வக்கில்லாதவர்கள் ஜன்னலைத் திறக்கத்தான் செய்வார்கள்.

#17 மட்டுறுத்துநர்

#16க்கு எச்சரிக்கை. இழை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, கெடுக்க வேண்டாம்.

#18 வெப்பக்கணக்கு

மேல்வீட்டுக்காரி, உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெல் காற்றில் வருகிற சத்தத்துக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் அது 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 52 என்றால் நாலு மீட்டரில் 40. ஆனால் சுவர் மூலையிலோ ஷாஃப்ட்டிலோ வைத்தால் எதிரொலித்துக் கூடும், அந்தக் கணக்கு செல்லாது. சுவர் வழியாக வருவது அதிர்வு, அது டெசிபெல் எண்ணில் அடங்காது. பிராக்கெட்டுக்கும் யூனிட்டின் காலுக்கும் நடுவே தடிமனான ரப்பர் புஷ் வைக்கச் சொல்லுங்கள். காப்பர் பைப் சுவரைத் தொடுகிற இடங்களிலும் நுரை வைக்க வேண்டும். பல வீடுகளில் ரீங்காரம் கால் வழியாக வராமல் பைப் கிளாம்ப் வழியாக வருகிறது.

மாட்டுகிறவர்களுக்கு: யாருடைய தலைமாட்டுச் சுவரிலும் பிராக்கெட் அடிக்காதீர்கள், உங்கள் தலைமாடும் உட்பட. தரையில் நிற்கும் ஸ்டாண்ட் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

#19 இரண்டு_வாண்டு

பால்கனித் தரையில் வைக்கிற யோசனை இன்னும் பட்டியலில் இருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறதா? அவுட்டோர் 55, 60 செ.மீ. உயரம், மேலே தட்டையாக இருக்கும். அதைக் கைப்பிடிச்சுவரை ஒட்டி வைத்தால் குழந்தைக்கு அது படிக்கட்டு. ஒரு மீட்டர் சுவர் அதன்மேல் ஏறியதும் 40 செ.மீ. ஆகிவிடும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் விருந்துக்கு வருகிற குழந்தை இருக்கும். அவுட்டோர், பூந்தொட்டி, நாற்காலி எதுவும் கைப்பிடி ஓரத்தில் வேண்டாம்.

#20 செம்புக்குழாய்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. இதை எந்த ஃபிட்டரும் சொல்ல மாட்டான், நானும் வேலைக்குப் போற இடத்துல இனிமே சொல்றேன்.

பால்கனி விஷயத்துல என் அபிப்பிராயம்: இடம் சரி, தரை தப்பு. முன்னாடி முழுச்சுவர் இருக்கிறதால தரையில வெச்சா விசிறி தள்ளுறது சுவர்ல மோதி அப்படியே உருண்டு பின்னாடி வரும். 120 செ.மீ. ஆழத்துல யூனிட்டு கனம் 30, பின்னாடி 15 போக முன்னாடி மிஞ்சுறது 75. அந்தக் கிணத்துக்குள்ள சூட்டை ஊத்தின மாதிரி. அதையே வீட்டுச் சுவரை ஒட்டி இரும்பு ஸ்டாண்ட் மேல தூக்கினா, விசிறி வாய் கைப்பிடிச்சுவருக்கு மேல வந்துடும். சூடு நேரா வெளியே போகும். குழந்தை ஏறவும் வழியில்ல, சுவர்லேருந்து 75 செ.மீ. தள்ளியும் இருக்கும். நான் நின்ன இடத்துல நின்னே சர்வீஸ் பண்ணிடுவேன்.

#21 மூன்றாம்_மாடி

இது எனக்குத் தோன்றவே இல்லை. பால்கனிக்கு மேலே ஸ்லாப் 2.8 மீட்டரில் இருக்கிறது, போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல். வெளித்தோற்றம் கெடக்கூடாது என்று சங்கத்தில் விதி வைத்திருக்கிறார்கள், அவுட்டோர் தெரிந்தால் முன்னால் லூவர் (இடைவெளி விட்ட பலகைத் தடுப்பு) போட வேண்டுமாம். போடலாமா?

#22 கட்டுமானம்

விதியை எழுதியவர்களிடம் லூவர் படத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். பலகைகள் நெருக்கமாக, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் அலங்கார லூவர் என்றால் சூடு அதில் பட்டுத் திரும்பும். பலகைகள் அகல இடைவெளியில், ஏறக்குறைய கிடையாக இருந்து, முகப்பில் 80 சதவீதமாவது திறப்பாக இருந்தால் பெரிய பாதகமில்லை. விசிறிக்கு ஒட்டி வைத்து, இடையில் சூடு கசிந்து பின்னால் போக வழியில்லாமல் பக்கத்தை அடைக்க வேண்டும். லூவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி யூனிட் நின்றால் நடுவில் இருப்பது சூட்டுக் குளம்.

#23 வெப்பக்கணக்கு

சங்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால் வெப்பமானியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். யூனிட் முழுவேகத்தில் ஓடும்போது முதுகுப்பக்கக் காற்றை ஒரு முறை, பால்கனிக்கு வெளியே கையை நீட்டி நிழலில் ஒரு முறை. இரண்டும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் இருந்தால் இடம் நல்ல இடம். ஐந்தைத் தாண்டினால் காற்று சுற்றுகிறது என்று பொருள். எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

#24 மூன்றாம்_மாடி

சங்கத்தில் பேசியாகிவிட்டது. கைப்பிடிச்சுவருக்கு மேல் யூனிட் தெரிந்தாலும், சுவர் நிறத்திலேயே ஸ்டாண்டுக்கு பெயின்ட் அடித்தால் லூவர் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நாலாம் மாடி அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். அவர்கள் பால்கனிப் பக்கம் ஜன்னல் இல்லை, கதவுதான். "சூடு மேலே வந்தால் சொல்கிறேன்" என்றார்.

அண்ணே, ஸ்டாண்ட் உயரம் எவ்வளவு சொல்லட்டும்? வெல்டிங் கடையில் 75 செ.மீ. ரெடிமேடாக இருக்கிறதாம்.

#25 செம்புக்குழாய்

75 வேணாம். உங்க சுவர் 100. விசிறிக் கம்பிவலையோட அடி விளிம்பு சுவர் உச்சிக்கு மேல நிக்கணும். யூனிட்டுக்கு அடியிலேருந்து வலை ஆரம்பிக்க ஒரு 5 செ.மீ. இருக்கும், அளந்து பாருங்க. 95 இல்லாட்டி 100 சொல்லுங்க. உச்சி 160க்குள்ள வரும், மேல ஸ்லாப்புக்கு ஒரு மீட்டருக்கு மேல இருக்கு, தாராளம். வால்வு இருக்கிற பக்கம் அரை மீட்டர் விடணும், அந்தப் பக்கம் சுவர் மூலையில இடிக்க விட்டுடாதீங்க. உயரமான ஸ்டாண்ட் ஆடும், அதனால கால் அகலமா வேணும். தரையில போல்ட் போடாட்டியும் பின்சுவர்ல ரெண்டு இடத்துல கட்டிருங்க.

அப்புறம் விசிறிக்கு முன்னாடி துணிக்கொடி இருந்தா கழட்டி வேற பக்கம் மாத்துங்க. சூட்டுல சீக்கிரம் காயும்னு நிறைய பேர் அங்கேயே போடுறாங்க, காத்து அடைக்கும், பஞ்செல்லாம் காயிலுக்குப் போகும். யூனிட் பக்கத்துலயே கரண்டை முழுசா துண்டிக்கிற ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வெச்சிருங்க. மின்பெட்டி மூடி ஓரத்துல ஓட்டை இருந்தா அடைச்சிருங்க, பல்லி உள்ள போய் போர்டுல உக்காந்தா போர்டும் போச்சு பல்லியும் போச்சு. இண்டோர் டிரெயின் பைப்பை பால்கனித் தண்ணிவாய்க்கே விடலாம், சரிவு மட்டும் ஒரே சீரா இருக்கட்டும்.

#26 புதிய_உறுப்பினர்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பால்கனியில் ஏற்கெனவே ஓர் அவுட்டோர் இடது ஓரத்தில், வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. இரண்டாவதை வலது ஓரத்தில், இடப்பக்கம் பார்த்து வைத்தால் அழகாக இருக்குமே? நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி உண்டு. சூடு அதிகமானால் பனித்தூவி மாதிரி தண்ணீர் பீய்ச்சிக்கொள்ளலாமா?

#27 வெப்பக்கணக்கு

வேண்டாம். ஒன்றின் மூச்சு மற்றதன் முகத்தில் அடிக்கும், சிறிய விசிறிதான் முதலில் தோற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் வெளியே பார்க்கட்டும். பழையதையும் திருப்பியாக வேண்டும், அதற்குப் பைப் நீளம் போதுமா என்று பாருங்கள். தண்ணீர் பீய்ச்சினால் அன்றைக்குப் பலன் தெரியும். கடின நீர் என்றால் தகடுகளுக்கு நடுவே சுண்ணாம்பு படிந்து பிறகு கழுவினாலும் போகாது.

#28 புதிய_உறுப்பினர்

பைப் 30 செ.மீ. குறைகிறது.

#29 செம்புக்குழாய்

இழுத்து வளைக்காதீங்க, பைப் மடிஞ்சிரும். பம்ப் டவுன் பண்ணி (கேஸை அவுட்டோருக்குள்ள இழுத்து அடைச்சு), ஃபிளேரை வெட்டிட்டு, புதுத்துண்டு பிரேஸ் பண்ணி, வேக்கம் போட்டு மாட்டணும். அரைநாள் வேலை. ரெண்டாவது மிஷின் மாட்டுற அன்னிக்கே சேர்த்துச் செய்யச் சொல்லுங்க, வேக்கம் பம்ப் எப்படியும் அங்கதான் இருக்கும்.